பக்கத்தில் நிற்கும் அந்த ஆள்

எனக்கு ரொம்ப நாளாக ஒரு எரிச்சல் இருந்தது. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் வேறு நாட்டுக்கு விளையாடப் போகிறார், நாலைந்து வருஷம் ஆகிறது, ஆட்டம் முடிந்து மைக்கை நீட்டினால் இன்னமும் பக்கத்தில் ஒரு ஆள் நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நாட்டு ரசிகர்கள் இவர் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு அலைகிறார்கள், இவருக்கு அவர்கள் மொழியில் நாலு வாக்கியம் பேச வராதா? வாங்கத் தெரிந்த கைக்குப் பேச ஒரு வாய் இல்லையா? இப்படியெல்லாம் பேசிக்கொண்டிருந்தவன்தான் நான். இப்போது பேசுவதில்லை. அதற்காக, எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டு 'மொழியெல்லாம் எதற்கு, ஆட்டம் போதும்' என்று சொல்பவனாகவும் மாறவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடத்தில் நிற்கிறேன், அது எந்த இடம் என்று எழுதிப் பார்த்தால்தான் எனக்கே தெரியும்.

முதலில் மைதானத்துக்குள் நடப்பதைப் பார்க்கலாம். நியூயார்க் மெட்ஸ் என்ற பேஸ்பால் அணி ஆடிய முதல் வருஷம் 1962. அந்த ஒரே சீசனில் 120 ஆட்டங்களில் தோற்ற அணி, அதனாலேயே அதைப் பற்றிய கதைகளுக்குப் பஞ்சமில்லை. மைதானத்தின் நடுப்பகுதியில் ரிச்சி ஆஷ்பர்ன் நிற்பார். அவருக்கு முன்னால் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் வெனிசுவேலாக்காரர் எலியோ சக்கோன். இருவருக்கும் இடையில் பந்து உயரமாக எழும்பும். ஆஷ்பர்ன் "ஐ காட் இட்" என்று கத்திக்கொண்டே ஓடி வருவார், அது புரியாத சக்கோனும் மேலே பார்த்தபடி ஓடி வருவார், இரண்டு பேரும் மோதிக்கொள்வார்கள். கடைசியில் ஆஷ்பர்ன் இன்னொரு சக வீரரிடம் கேட்டு ஸ்பானிய மொழியில் ஒரே ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டார்: "யோ லா தெங்கோ", அதாவது பந்து எனக்கு. அடுத்த முறை அதைச் சொன்னதும் சக்கோன் சட்டென்று நின்றுவிட்டார். ஆஷ்பர்ன் நிம்மதியாகக் கையை உயர்த்தினார். அந்த நேரம் பார்த்து இடப்பக்கத்திலிருந்து, ஸ்பானியம் ஒரு சொல்கூடத் தெரியாத ஃபிராங்க் தாமஸ் வந்து அவரை இடித்துத் தள்ளினார். எழுந்து நின்று தாமஸ் கேட்டதாகச் சொல்வார்கள்: "அதென்ன எழவு, யெல்லோ டாங்கோ?"

சொல்லச் சொல்ல மெருகேறிய கதையாக இருக்கலாம். ஆனால் இந்தக் கதையில் மொழி கற்றவர் உள்ளூர்க்காரர் என்பதைக் கவனிக்க வேண்டும். வந்தவர்தான் கற்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து விவாதிக்கவில்லை. யார் விலா எலும்பு வலிக்கிறதோ அவர் கற்றுக்கொண்டார். அப்புறம், தேவைப்பட்டது மூன்றே சொல்.

களத்தில் வேண்டிய மொழி அவ்வளவுதான். இங்கிலாந்து கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக இருந்த இத்தாலியர் ஃபாபியோ கபெல்லோ, ஆட்ட வியூகம் பேச நூறு சொல் போதும் என்று 2011-ல் சொல்லி நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார். ஆங்கிலப் பத்திரிகைகள் கேலி செய்தன. எனக்கென்னவோ அவர் சொன்னது சரிதான் என்று தோன்றுகிறது. ஒரு கோல்கீப்பருக்கு 'விடு', 'எனக்கு', 'பின்னால் ஆள்', 'வெளியே ஏறு', 'திரும்பு' என்று ஒரு இருபது சொல் வேண்டும்; அதை அவர் யாரும் பாடம் நடத்தாமலே இரண்டு வாரத்தில் பிடித்துவிடுவார். ஒரு கணம் தாமதித்தால் பந்து வலைக்குள் போய்விடும், அதைவிடக் கண்டிப்பான வாத்தியார் எங்கே கிடைப்பார்? பின்வரிசையில் ஆடுபவர்களுக்கு இது கட்டாயம், முன்வரிசைக்காரர்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. கேரத் பேல் ரியால் மாட்ரிட்டில் 2013-லிருந்து 2022 வரை இருந்தார், ஸ்பானியம் பேசுவதில்லை என்று அங்குள்ள பத்திரிகைகள் அவரை விடாமல் குத்திக்கொண்டே இருந்தன. 2018-ல் கீவ் நகரில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் மாற்று ஆளாக இறங்கி, தலைகீழாகப் பறந்து பைசைக்கிள் கிக்கில் ஒரு கோல் அடித்தாரே, அதற்கு எந்த மொழியில் உரை எழுதுவது?

சரி, களத்துக்கு வெளியே வரலாம், சிக்கல் அங்கேதான்.

ஜப்பானில் ஒரே நாட்டுக்குள் இரண்டு ஏற்பாடு இருக்கிறது. சுமோ மல்யுத்தத்துக்கு வரும் வெளிநாட்டுப் பையனுக்கு மொழிபெயர்ப்பாளர் கிடையாது. அவன் ஒரு பயிற்சிக் கூடத்தில் சேர்கிறான், அங்கேயே தூங்கி எழுகிறான், கடைநிலையில் இருக்கும்வரை பெருக்குகிறான், சமைக்கிறான், மூத்தவர்களுக்கு எடுபிடி வேலை செய்கிறான். ஒரு கூடத்துக்கு ஒரு வெளிநாட்டவர்தான் என்று விதி வேறு, அதனால் சொந்த மொழியில் புலம்பக்கூடப் பக்கத்தில் ஆள் கிடையாது. ஹவாயிலிருந்து வந்த தகாமியாமா 1972-ல் பட்டம் வென்றார், பல்கேரியாவின் கொதோஓஷு 2008-ல், ஜார்ஜியாவின் தொச்சினோஷின் 2018-ல். எல்லோரும் தொலைக்காட்சியில் ஜப்பானிய மொழியில்தான் பேசுவார்கள். ஓசெகி என்ற இரண்டாவது உயர்ந்த தரத்துக்கு உயர்த்தப்படும்போது சங்கத்திலிருந்து இரண்டு தூதர்கள் கூடத்துக்கே வந்து செய்தி சொல்வார்கள். மல்லர் மண்டியிட்டுத் தலை தாழ்த்தி, பேச்சில் புழங்காத பழைய நடையில் ஏற்புரை சொல்ல வேண்டும். அதையும் கொதோஓஷுவும் தொச்சினோஷினும் சொல்லிக் காட்டினார்கள்.

அதே நாட்டில் தொழில்முறை பேஸ்பாலுக்கு வரும் அமெரிக்கருக்கோ வெனிசுவேலாக்காரருக்கோ அணியே மொழிபெயர்ப்பாளரைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும். ஆட்டத்தின் நாயகன் மேடையேறிப் பேட்டி கொடுக்கும்போதும் அந்த ஆள் பக்கத்தில் நிற்பார். வெளிநாட்டு ஆட்டக்காரர்களை அங்கே 'சுகெத்தோ' என்று அழைக்கிறார்கள், உதவிக்கு வந்த ஆள் என்று அர்த்தம். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. உதவிக்கு வந்தவன் உதவி முடிந்ததும் கிளம்புவான். பெரும்பாலும் ஒரு வருஷ ஒப்பந்தம், சரியாக ஆடவில்லை என்றால் இலையுதிர் காலத்தில் விமான டிக்கெட். அவன் ஏன் மூவாயிரம் எழுத்து படிக்க வேண்டும்? சுமோக்காரன் உழைப்பாளி, பேஸ்பால்காரன் சோம்பேறி என்பதெல்லாம் இல்லை. ஒருவனை வீட்டுக்குள் குடி வைத்திருக்கிறார்கள், இன்னொருவனை விருந்தினர் அறையில் தங்க வைத்திருக்கிறார்கள். நான் பழைய காலத்தில் திட்டிக்கொண்டிருந்ததெல்லாம் விருந்தினர் அறைக்காரர்களைத்தான்.

ஆனால் சுமோவைக் காட்டி எல்லோரும் அப்படிச் செய்யுங்கள் என்பவர்களிடம் ஒரு கேள்வி: பதினெட்டு வயதுப் பையனைத் தனியாக்கி, தூங்கும் நேரம் தவிர எல்லா நேரமும் மொழிக்குள் முக்கி எடுத்தால் கற்காமல் என்ன செய்வான்? மூழ்காமல் இருக்கக் கற்ற நீச்சல் அது. நல்ல நீச்சல்தான், நானும் ஒப்புக்கொள்கிறேன்.

மொழியைச் சட்டமாக்கிப் பார்த்தவர்களும் உண்டு. 2008 ஆகஸ்டில் அமெரிக்கப் பெண்கள் கோல்ஃப் அமைப்பான எல்பிஜிஏ ஒரு விதி கொண்டுவரப் போவதாகத் தெரிய வந்தது: அதன் போட்டிகளில் இரண்டு வருஷம் ஆடியவர்கள் ஆங்கிலத்தில் வாய்மொழித் தேர்வு எழுத வேண்டும், தேறாவிட்டால் உறுப்பினர் தகுதி நிறுத்தி வைக்கப்படும். ('வாய்மொழித் தேர்வு எழுத' என்று கை பழக்கத்தில் வந்துவிட்டது, இருக்கட்டும்.) அப்போது அங்கே 26 நாடுகளிலிருந்து 121 வெளிநாட்டு வீராங்கனைகள், அதில் 45 பேர் தென் கொரியர்கள். யாரைக் குறிவைத்த விதி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய கூச்சல் கிளம்பியது, விளம்பரதாரர்களிலேயே முகம் சுளித்தவர்கள் உண்டு, செப்டம்பர் முதல் வாரத்திலேயே தண்டனையைக் கைவிட்டார்கள். எனக்கு இதில் பிடித்தது அவர்களுடைய வெளிப்படைத்தன்மை. காரணம் பண்பாடு, ஒருமைப்பாடு என்றெல்லாம் சுற்றி வளைக்கவில்லை. அந்த ஆட்டத்தில் போட்டிக்கு முன்னால் விளம்பரதாரர்களோடு ஒரு சுற்று ஆட வேண்டும்; பணம் போடுகிறவர் நாலைந்து மணி நேரம் கூடவே நடந்து வருவார், அவரோடு சிரித்துப் பேச வேண்டும். வேண்டியிருந்தது பேச்சுத் துணை. பந்தைக் குழிக்குள் போடுவதற்கு ஆங்கிலம் தேவைப்பட்டதே இல்லை.

இப்போது மைக்குக்கு வருகிறேன். இங்கேதான் என் மனம் முதலில் மாறியது.

பேஸ்பால் ஆட்டக்காரர் ராபர்ட்டோ கிளமெண்டே போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அமெரிக்காவுக்கு ஆட வந்தவர். சட்டப்படி அமெரிக்கக் குடிமகன், மொழிப்படி வெளிநாட்டவர். அவர் ஆங்கிலத்தில் பேசினார், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கவில்லை. என்ன நடந்தது தெரியுமா? 1961 ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் வெற்றி அடியை அடித்துவிட்டு அவர் சொன்னதை, 'ஹிட்' என்பதை 'ஹீட்' என்று உச்சரித்ததுவரை எழுத்துக்கூட்டிப் பத்திரிகையில் போட்டார்கள். படிப்பவர் சிரிக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அவர் பெயரையே 'பாப்' என்று சுருக்கிவைத்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1971-ல் உலகத் தொடர் என்ற பேஸ்பால் இறுதித் தொடரை வென்ற பிறகு நேரலையில் மைக் கையில் கிடைத்ததும், கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், ஊரில் இருக்கும் தன் அப்பா அம்மாவிடம் ஸ்பானிய மொழியில் ஆசி கேட்டார். அமெரிக்கா முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது, யாரும் அதை எழுத்துக்கூட்டிக் கேலி செய்ய முடியவில்லை.

ஆக, 'முயற்சி செய்தால் மதிப்பார்கள்' என்பது எப்போதும் நடப்பதில்லை. முயற்சி செய்தவனைத்தான் முதலில் கேலி செய்கிறார்கள். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டவன் கௌரவமாகத் தப்பித்துவிடுகிறான்.

அதே சமயம் மொழிபெயர்ப்பாளர் வழியாக வந்தால் எதையெல்லாம் இழப்போம் என்பதற்கும் ஒரு உதாரணம் இருக்கிறது. ஆட்டக்காரர் இல்லை, பயிற்சியாளர், பரவாயில்லை. 1998 மார்ச்சில் பயர்ன் முனிக் அணியின் இத்தாலியப் பயிற்சியாளர் ஜொவான்னி டிரபட்டோனி பத்திரிகையாளர்களைக் கூட்டி, தன் ஆட்டக்காரர்கள் சிலரை ஜெர்மன் மொழியில் கிழி கிழி என்று கிழித்தார். இலக்கணம் ஒரு பக்கம் ஓடியது, அவர் ஒரு பக்கம் ஓடினார். மேஜையைத் தட்டிக்கொண்டு, இவர்கள் 'பாட்டில் காலி மாதிரி' பலவீனம் என்றார், கடைசியில் 'நான் முடிந்தது' என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஜெர்மானியர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், ஆனால் அந்த இரண்டு தொடரும் அவர்களுடைய பேச்சு மொழிக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டன. பக்கத்தில் ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளர் இருந்திருந்தால்? 'சில ஆட்டக்காரர்களின் உழைப்பு குறித்துப் பயிற்சியாளருக்கு அதிருப்தி இருக்கிறது' என்று சொல்லி முடித்திருப்பார்.

இதை நான் சும்மா சொல்லவில்லை, நானே செய்திருக்கிறேன். வேலையில் ஒருமுறை, காணொளிக் கூட்டத்தில், ஆங்கிலத்தில் தயங்கும் சக ஊழியர் ஒருவருக்காக மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அவர் ஐந்து நிமிஷம் பொரிந்து தள்ளினார்: வேலையைத் தலையில் கட்டிவிட்டார்கள், கேட்டால் பதில் இல்லை, இரவு பதினோரு மணிக்குப் போன் செய்கிறார்கள், மனுஷனா மாடா என்று. நான் திரும்பி, "அவருக்குப் பணிச்சுமை பற்றிச் சில கவலைகள் இருக்கின்றன" என்றேன். எதிர்ப்பக்கத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் என்னைப் பார்த்தார். ஐந்து நிமிஷம் பேசியது ஒரு வரியில் முடிந்துவிட்டதே என்ற அந்தப் பார்வையை இன்னமும் மறக்கவில்லை. நல்லெண்ணத்தில்தான் செய்தேன், அவர் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது என்று. ஆனால் அவர் கோபத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்க எனக்கு யார் உரிமை கொடுத்தது?

பணம் உள்ள ஆட்டக்காரருக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைக்கிறார், இல்லாதவர் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கிறார் என்பதும் இதில் அடங்கும். அமெரிக்க பேஸ்பாலில் ஜப்பானிய நட்சத்திரங்கள் ஒப்பந்தத்திலேயே ஆள் கேட்டு வாங்கிக்கொண்டு வருவார்கள். எண்ணிக்கையில் பல மடங்கு அதிகமான லத்தீன் அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கோ ரொம்ப காலம் பக்கத்து லாக்கர்க்காரர்தான் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். 2014-ல் நியூயார்க் யாங்கீஸ் அணியின் பந்துவீச்சாளர் மைக்கேல் பினேடா, பந்து வழுக்காமல் இருக்க விதியை மீறிக் கழுத்தில் பைன் பிசின் தடவியிருந்ததாக ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அன்று பத்திரிகையாளர் கூட்டத்துக்கு நடுவில் அவர் அரைகுறை ஆங்கிலத்தில் தடுமாறியதைப் பார்த்த மூத்த ஆட்டக்காரர் கார்லோஸ் பெல்ட்ரான், இது நியாயமில்லை என்று சங்கத்தில் பேச ஆரம்பித்தார். 2016-லிருந்து எல்லா அணியும் ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர்களை முழுநேர வேலைக்கு வைக்க வேண்டும் என்று ஆனது. 2016! அந்த ஆட்டத்தில் ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் கொடிகட்டிப் பறந்த பிறகு.

மைக்கைவிட முக்கியமான இடம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. தலையில் அடிபட்டு விழுந்த ஆட்டக்காரரிடம் மருத்துவர் குனிந்து சில கேள்விகள் கேட்பார். இது எந்த மைதானம், இது முதல் பாதியா இரண்டாம் பாதியா, கடைசியாக யார் கோல் அடித்தார்கள். பிறகு ஓய்வறையில், மாதங்களின் பெயரைக் கடைசியிலிருந்து சொல்லச் சொல்வார்கள், சில சொற்களைக் கொடுத்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். மூளை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் கற்க ஆரம்பித்த மொழியில், தலை கிறுகிறுக்க, டிசம்பரிலிருந்து ஜனவரிவரை பின்னோக்கிச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் அது மூளையின் தடுமாற்றமா, மொழியின் தடுமாற்றமா? மருத்துவருக்கு எப்படித் தெரியும்? எவ்வளவுதான் மொழி கற்றிருந்தாலும் அந்த நேரத்தில் தாய்மொழியில் கேட்க ஒரு ஆள் வேண்டும். இந்த ஒரு இடத்தில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

சொந்த மொழியிலேயே பேசினாலும் சில நேரம் ஆபத்துதான். மான்செஸ்டர் யுனைடெட்டில் ஆடிய உருகுவேக்காரர் எடின்சன் கவானி 2020 நவம்பரில் இரண்டு கோல் அடித்தார். வாழ்த்திய நண்பருக்கு இன்ஸ்டகிராமில் தன் ஊர்ப் பேச்சில் 'நன்றி' என்று சொல்லி, அங்கே செல்லமாகப் புழங்கும் 'நெக்ரீத்தோ' என்ற சொல்லையும் சேர்த்தார். ஆங்கிலக் காதுக்கு அது நிறத்தைக் குறிக்கும் வசைச்சொல். மூன்று ஆட்டம் தடை, ஒரு லட்சம் பவுண்டு அபராதம். உருகுவேயின் மொழிக் கழகமே எதிர்ப்பு அறிக்கை விட்டது. அவர் தன் சொந்த மொழியில்தான் எழுதினார், படித்தவர்கள் வேறு நாட்டில் இருந்தார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்வதே சரி என்று முடித்துவிடலாம்தான். ஆனால் ஜப்பானிய பேஸ்பால் நட்சத்திரம் ஷோஹெய் ஓடானியின் விவகாரம் இருக்கிறதே.

ஓடானி 2018-ல் அமெரிக்கா போனபோது உடன் போனவர் இப்பெய் மிசுஹாரா. பெயருக்கு மொழிபெயர்ப்பாளர், நடைமுறையில் நண்பர், உதவியாளர், எல்லாம் அவரே. 2021-ல் ஹோம் ரன் போட்டி நடந்தபோது ஓடானிக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடித்ததுகூட அவர்தான். அமெரிக்கா போன முதல் வருஷமே அரிசோனாவில் ஓடானி வங்கிக் கணக்கு திறந்தபோதும் கூடவே இருந்து மொழிபெயர்த்தார். பிறகு சூதாட்டம், கடன், அந்தக் கணக்கிலிருந்து சுமார் 1.7 கோடி டாலர் திருட்டு. வங்கிக்குப் போன் செய்து தானே ஓடானி என்று பேசியிருக்கிறார். கணக்கை மற்றவர்கள் பார்க்கக் கேட்டால், ஓடானி அதைத் தனியாக வைத்துக்கொள்ள விரும்புகிறார் என்று சொல்லியிருக்கிறார். ஓடானியின் முகவருக்கு ஜப்பானிய மொழி தெரியாது, ஓடானிக்கு ஆங்கிலம் போதாது, நடுவில் இருந்த ஒரே கதவின் சாவி இவரிடம். தமிழில் 'துபாஷி' என்று ஒரு பழைய சொல் உண்டு. கம்பெனி காலத்தில் மொழிபெயர்க்க வந்தவர்கள் தரகராகி, கணக்குப் பார்ப்பவராகி, துரைக்கே கடன் கொடுக்கிறவராக ஆன கதையெல்லாம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் மிசுஹாராவுக்கு 57 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

என்னை உலுக்கியது பணத்தொகை இல்லை. 2024 மார்ச் 20, சோல் நகரில் சீசனின் முதல் ஆட்டம். முடிந்ததும் உடைமாற்றும் அறையில் ஓடானியின் டாட்ஜர்ஸ் அணி கூடுகிறது. மிசுஹாரா எழுந்து நின்று, தனக்குச் சூதாட்டப் பழக்கம் இருப்பதாக எல்லோரிடமும் சொல்கிறார். ஆங்கிலத்தில். ஓடானி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்காக மொழிபெயர்க்க வேண்டிய ஆள்தான் பேசிக்கொண்டிருக்கிறார், ஆகவே மொழிபெயர்க்க ஆள் இல்லை. ஏதோ சரியில்லை என்று மட்டும் புரிந்தது, முழுசாகப் புரியவில்லை என்று பிறகு அவரே சொன்னார். ஹோட்டலுக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிகிறது. இத்தனைக்கும் அந்த ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த விருது விழாவில் அவர் ஆங்கிலத்தில் ஏற்புரை நிகழ்த்தியிருந்தார், எல்லோரும் ஆகா என்றார்கள். எழுதி வைத்துப் பேச மொழி இருந்தது. தன் பணத்தைப் பற்றி ஒருவன் பேசும்போது காதில் வாங்க மொழி இல்லை.

அதனால் இப்போது யாராவது என்னைக் கேட்டால், மேடைக்காகக் கற்காதே, காதுக்காகக் கற்றுக்கொள் என்பேன். மைக் முன்னால் மொழிபெயர்ப்பாளரை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், அதற்காக யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. ஆனால் ஆட்டக்காரர் சொன்னதை அந்த ஆள் முழுசாகச் சொன்னாரா, ஐந்து நிமிஷத்தை ஒரு வரியாக்கினாரா என்று பிடிக்கிற அளவுக்குக் காது பழக வேண்டும். வங்கிக்குப் போகும்போது வேறு ஆள், ஒப்பந்தம் படிக்க வேறு ஆள், மருத்துவரிடம் வேறு ஆள். செலவாகும்தான், எழுபது கோடி டாலருக்கு ஆட்டக்காரரை எடுக்கிற அணிக்கு இன்னும் இரண்டு சம்பளம் தருவது பெரிய விஷயமா?

இன்னொரு ஜப்பானிய பேஸ்பால் நட்சத்திரம் இச்சிரோ சுசுகி இதைச் சரியாகச் செய்தார் என்று நினைக்கிறேன். 2001-ல் அமெரிக்காவின் சியாட்டல் அணிக்குப் போனார், கடைசிவரை பேட்டிகளுக்கு மொழிபெயர்ப்பாளர் உண்டு. ஆனால் கூட ஆடியவர்களுக்குத் தெரியும், அவருக்கு ஆங்கிலம் வரும், ஸ்பானியமும் வரும். எதிரணி லத்தீன் ஆட்டக்காரர்களை அவர்கள் மொழியிலேயே வம்புக்கு இழுப்பார். தான் சொல்வது பிசகாமல் போய்ச் சேர வேண்டிய இடத்தில் மட்டும் ஆளை வைத்துக்கொண்டார். பழைய நான் இதை ஏமாற்று வேலை என்று சொல்லியிருப்பேன்.

2025 ஜூலையில் கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தார்கள். வாக்களித்த எழுத்தாளர்களில் ஒரே ஒருவர் மட்டும் அவர் பெயரை விட்டிருந்தார். அந்த எழுத்தாளரோடு தன் வீட்டில் விருந்து சாப்பிட ஆசை என்று இச்சிரோ முன்பே சொல்லி வைத்திருந்தார். அன்று மேடையில் பத்தொன்பது நிமிஷம், ஆங்கிலத்தில், பக்கத்தில் யாரும் இல்லாமல் பேசினார். அந்த விருந்து அழைப்பு காலாவதியாகிவிட்டது என்று சொன்னார். மொழிபெயர்ப்பாளர் இருந்தால் ஒரு நகைச்சுவைக்குக் கூட்டம் இரண்டு தடவை சிரிக்கும், மொழி தெரிந்தவர்கள் முதலில், மற்றவர்கள் சற்றுப் பிறகு. அன்றைக்கு ஒரே சிரிப்பு.